புலாவ் செபாங்கில் இறங்குங்கள்

மலாக்காத் தோட்டங்களில் பிறந்து, பிழைப்புக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியேறிவிட்ட உறவுகளுக்கு,

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான். உங்களில் சிலருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சிலரை முட்டி போட வைத்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் நீங்கள் வருகிறீர்கள். காஜாங்கிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் காடி ஓட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை நெரிசலில் நாலைந்து மணி நேரம் வெந்து, முகமெல்லாம் களைத்துப்போய் அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கிறீர்கள். இரண்டு ராத்திரி தங்குகிறீர்கள். நடுவில் ஒரு பகல் பிள்ளைகளை மலாக்கா டவுனுக்குக் கூட்டிப் போகிறீர்கள். ஜோங்கர் தெருவில் செண்டோல், சிவப்புக் கட்டடத்தின் முன்னால் ஒரு படம், பாட்டு அலறும் திரிஷாவில் ஒரு சுற்று. இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறீர்கள். மறுநாள் என்னைப் பார்க்க வரும்போது படங்களைக் காட்டுவீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "பக்கத்திலேயே அரண்மனை இருக்கே, பிள்ளைகளைக் காட்டினீங்களா?"

"அதுவா சார்? அது மியூசியம்தானே. அது அவங்க கதை."

இந்தப் பதிலை எத்தனை வாயில் கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. வங்கியில் மேலாளராக இருப்பவரும் சொன்னார், வழக்கறிஞரும் சொன்னார், வரலாற்றில் பட்டம் வாங்கியவரே ஒருவர் சொன்னார். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அந்த அரண்மனைக்கும் அவர் படுத்து எழுந்த லயத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரு நாள் அவரிடமும் கேட்டேன். "நமக்கு அங்க என்னய்யா வேல?" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், மதியம் பால் கொட்டிவிட்டு, பிள்ளையை ஆயா கொட்டகையிலிருந்து தூக்கி வந்தவருக்கு அரண்மனை எதற்கு? ஆனால் அவர் சிந்திய ரத்தத்தில் படித்து ஆளான நீங்களும் அதே பதிலையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறீர்களே, அதுதான் என்னைத் தைக்கிறது.

அந்த மரமாளிகை யாருடையது என்று நீங்கள் கேட்டதுண்டா? செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில், அ ஃபாமோசா வாயிலுக்கு அருகே நிற்கும் அந்தக் கட்டடம் 1984-இல் கட்டத் தொடங்கி 1986-இல் திறக்கப்பட்டது. சுல்தான் மன்சூர் ஷா வாழ்ந்த அரண்மனை எப்படி இருந்தது என்று செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் வருணிக்கிறதே, அந்த வருணனையைக் கையில் வைத்துக்கொண்டு எழுப்பியது. 17 அங்கணங்கள், ஓர் ஆள் கட்டிப் பிடிக்கிற பருமனில் தூண்கள், ஏழு அடுக்கு முகடு என்று அந்த நூல் அளந்து அளந்து சொல்கிறது. அசல் மாளிகை குன்றின் மேல் இருந்தது. அதில் ஒரு சுவடும் இன்று இல்லை. 1511-இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தபின், பள்ளிவாசல் கல்லையும் மன்னர்களின் சமாதிக் கல்லையும் பெயர்த்துக் கோட்டை கட்டிக்கொண்டார்கள். அந்தக் கோட்டையையும் 1807-இல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நீங்கள் படம் பிடித்துக்கொள்ளும் அந்த ஒற்றை வாயில்தான் மிச்சம்.

சரி, மன்சூர் ஷா யார்? சுல்தான் முசாஃபர் ஷாவின் மகன். முசாஃபர் ஷாவுக்கு அரியணை ஏறும் முன் ராஜா காசிம் என்று பெயர். ராஜா காசிமின் தாய் யார்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். மலாக்காவின் தொடக்ககால மன்னர்களில் ஒருவரான சுல்தான் முகம்மது ஷா காலத்தில், கெலிங் நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியக் கரையிலிருந்து, மணி புரிந்தான் என்னும் பெருங்குடிப் பிறந்த ஒருவர் கப்பலேறி மலாக்காவுக்கு வந்து, இங்கே பெண் எடுத்துத் தங்கிவிட்டார். அவருடைய மகள் துன் ரத்ன வதி. சுல்தான் முகம்மது ஷா அவரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் ராஜா காசிம். மலாயில் 'வாத்தி' என்று ஒலித்தாலும் அந்தப் பெயரின் வால் நம்முடைய லீலாவதி, பத்மாவதியில் இருக்கும் 'வதி'தான். எங்கள் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் பத்து ரத்னாவதிகள் இருந்திருப்பார்கள்.

முகம்மது ஷா இறந்ததும் ராஜா காசிமை ஒதுக்கிவிட்டு, ரோக்கான் அரசகுலத்துப் பெண்ணுக்குப் பிறந்த தம்பி ராஜா இப்ராஹிமை அரியணையில் உட்கார வைத்தார்கள். ஓரிரண்டு வருஷம் ஓடியது. 1446 வாக்கில் ராஜா காசிம் பக்கம் நின்று ஆட்சியைப் புரட்டிப் போட்டவர்களில் முதன்மையானவர் அவருடைய தாய்மாமன், மணி புரிந்தானின் மகன், துன் அலி. பிற்பாடு பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, வந்தவரும் அவரே.

துன் அலி! மலாக்கா சென்ட்ரல் வருவதற்கு முன்னால் நீங்களெல்லாம் கோலாலம்பூர் பஸ் ஏறிய இடம் ஞாபகம் இருக்கிறதா? ஜாலான் துன் அலி. கையில் பெட்டியும், அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலமுமாக, வேலை தேடி முதன்முதலாக ஊரைவிட்டுப் போன அன்று அந்தத் தெருவில்தானே நின்றீர்கள்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களில் ஒருவராவது நிமிர்ந்து பார்த்துக் கேட்டீர்களா? உங்களைக் குறை சொல்லி என்ன, நானே ஐம்பது வயசுக்குப் பிறகுதான் கேட்டேன்.

ஆக, அந்த அரண்மனையில் வீற்றிருந்த மன்சூர் ஷாவின் பாட்டி, தமிழ் முஸ்லிம் குடியில் வந்தவர் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இதை எழுதி வைத்தது நாம் அல்ல. தமிழர் பெருமை பேச வந்த யாரோ மேடையில் அள்ளிவிட்டதும் அல்ல. 1612-இல் துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததாகச் சொல்லப்படும் மலாய் நூல், மலாய் மொழியில், மறைக்காமல் சொல்கிறது. அவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். நாம்தான் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பள்ளித் திடலில் உங்கள் பிள்ளையைப் பார்த்து யாராவது 'கெலிங்' என்று கத்தினால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வருகிறது. உங்களுக்கும் அந்த அனுபவம் உண்டு, எனக்கும் உண்டு. அந்தச் சொல் இன்று வசைதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த நூலில் அது வசை இல்லை. ஓர் அரசனின் தாய்வழிப் பாட்டன் எந்தக் கரையிலிருந்து வந்தான் என்பதற்கான பெயர். மலாக்கா நகரில் கம்போங் கெலிங் பள்ளிவாசல் 1748-இலிருந்து நிற்கிறது. அதே தெருவில், சில அடி தூரத்தில், 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். கல்லெறிவதுபோல எறியப்படும் ஒரு சொல், எப்போதிலிருந்து கல்லானது என்று பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? நான் சொன்னால் வகுப்பறைப் பாடம். அரண்மனைத் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னால் அது வேறு.

பெருமையை மட்டும் சொல்லி உங்களை அழைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். துன் அலியின் மகன் துன் முதாஹிரும் பெண்டஹாரா ஆனார். அவர் காலத்தில் மலாக்காவில் ராஜா முதலியார் என்றொரு பெரும் வணிகர், நைனா சூரதேவன் என்று இன்னொரு பெரும் வணிகர். பெயரே சொல்கிறதல்லவா, இருவரும் நம்மவர்கள். இருவருக்கும் தீராப் பகை. கித்தூல் என்று ஒருவன் ராஜா முதலியாரிடம் போய், சூரதேவன் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்து உன்னைத் தொலைக்கப் பார்க்கிறான் என்று மூட்டிவிட்டான். முதலியார் பயந்துபோய், பெண்டஹாரா அரசுக்கே சதி செய்கிறார் என்று லக்சமானா என்னும் கடற்படைத் தலைவர் வழியாக அப்போதைய சுல்தான் மகமுதுவின் காதில் போட்டார். விசாரணை இல்லை, ஒன்றும் இல்லை. 1510-இல் துன் முதாஹிரைக் குடும்பத்தோடு கொன்றார்கள். அடுத்த வருஷம் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்து நின்றபோது நகரத்தின் மூளையாக இருந்த ஆள் இல்லை. ஒருவரை ஒருவர் காலை வாரிவிடுகிற கதையை நம் சங்கத் தேர்தல்களில் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் கித்தூல் ஞாபகம்தான் வரும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொத்தில் பங்கு கேட்டால் கடனிலும் பங்கு உண்டு.

நான் எதிலும் உரிமை கொண்டாடச் சொல்லவில்லை. மலாய் அரசர்களின் அரண்மனை அது. அதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவன்கூட உள்ளே போய் உட்காருவான். நாம் தெருவிலேயே நின்று செண்டோல் குடித்துவிட்டுத் திரும்புகிறோம்.

"சார், அது நகல்தானே, அசல் இல்லையே" என்று ஒருவர் என்னை மடக்கினார். உண்மைதான். பழமையான அசல் மரமாளிகைதான் வேண்டுமென்றால் நெகிரி செம்பிலானில் ஸ்ரீ மெனாந்தி இருக்கிறது. 1902-இல் தொடங்கி 1908-இல் முடித்த நாலு மாடி மாளிகை, 99 தூண்கள், ஆணி அடிக்காத வேலை. 1931 வரை அரச குடும்பம் அதில் குடியிருந்தது. மரவேலையின் அழகை அங்கே பார்க்கலாம். ஆனால் என் வாதம் மரத்தைப் பற்றியது அல்ல. ஒரு நூலில் எழுதி வைத்ததை நம்பி, இல்லாமல்போன ஒன்றை இந்த மாநிலம் மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறது. இடித்துத் தள்ளிய நம் லயங்களில் ஒன்றையாவது நாம் அப்படிக் கட்டி வைத்திருக்கிறோமா? வாட்சப் குழுவில் 'எங்கள் தோட்டம்' என்று பழைய படம் போட்டு, அழுகிற முகத்தைப் பத்துப் பேர் ஒட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

இனி ரயிலுக்கு வருகிறேன். அரண்மனைக்குப் போங்கள் என்றால் போதாதா, எதற்கு இந்தக் கிழவர் ரயிலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று நினைப்பீர்கள். ஆயர் குரோ டோல் வழியாகக் காடியில் வந்தால் நீங்கள் சுற்றுலாப் பயணி. புலாவ் செபாங்கில் இறங்கினால் நீங்கள் ஊர் திரும்புகிறவர். எனக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இந்தத் தண்டவாளம் என்ன தண்டவாளம் என்று யோசியுங்கள். மலாயாவில் ரப்பரைத் தோட்டப் பயிராக முதன்முதலில் நட்டது இந்த மலாக்காவில்தான், 1896-இல், டான் சாய் யான் என்பவர், புக்கிட் லிந்தாங்கில். அந்த மரம் பெருகப் பெருக நம் முப்பாட்டன்கள் கங்காணி பின்னால் கப்பலேறி வந்தார்கள். 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரைக்கும் ஒரு கிளைப்பாதை போட்டார்கள். ஆமாம், ஒரு காலத்தில் ரயில் கடலோரம் வரைக்கும் போனது! ரப்பர் தகடு அதில் போனது, ஆள் அதில் வந்தார்கள். நிலைய அதிபர் யாழ்ப்பாணத்தார், தண்டவாளத்தில் மண்வெட்டி பிடித்தவன் சேலத்தான், திருச்சிக்காரன். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழன், அந்தப் பக்கம் ஒரு தமிழன், இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

என் அப்பா கம்பிச்சடக்கில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிளைப்பாதையைப் பெயர்த்தெடுத்ததைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். கேட்டால், "கம்பியையும் கொண்டுபோனான், ஆளையும் கொண்டுபோனான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை வண்டியேற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. என் பெரிய தாத்தாவும் திரும்பவில்லை. போர் முடிந்தபிறகு மலாக்கா நகருக்குத் தண்டவாளம் மறுபடி போடப்படவேயில்லை. அதனால்தான் இன்றுவரை 'மலாக்காவுக்கு ரயில்' என்றால் புலாவ் செபாங்கோடு நின்றுவிடுகிறது. பாதை நின்றுபோன அந்த இடத்தில்தான் நான் குடியிருக்கிறேன். கடலே இல்லாத ஊருக்கு எப்படி 'புலாவ்', அதாவது 'தீவு', என்று பெயர் வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். ரயில் வந்து நின்ற பிறகு நாலு பக்கமும் போக்கிடம் இல்லாமல் நிற்கிற பயணியைப் பார்த்தால் எனக்கு அந்தப் பெயர் சரியாகத்தான் படும்.

இதில் என் மனக்குறை ஒன்றையும் இறக்கி வைத்துவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, இருபத்தாறு பிள்ளைகளை அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். ரயிலைக் காட்டவேண்டும் என்பதற்காகவே அடுத்த நிலையத்தில் ஏற்றி இங்கே இறக்கினேன். ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. இங்கிருந்து நகருக்குப் போகச் சொல்லி வைத்திருந்த பஸ்தான் வரவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். ஒரு பெண் பிள்ளை மயங்கிவிட்டாள். கடைசியில் எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றுகிற வேன்காரர்கள் இரண்டு பேர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அரண்மனைக்குள் நுழைந்தபோது பிள்ளைகளுக்குப் பசி. பாதி பேர் பழைய மலாய் வீரர்கள் ஹாங் துவாவும் ஹாங் ஜெபாட்டும் கத்திச்சண்டை போடுகிற பொம்மைகளைப் பார்த்துவிட்டு, 'சார், சோறு எப்ப?' என்றார்கள். ஆனால் ஒரு பையன் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், அந்தப் பாட்டி பேரு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டான். எழுதியிருந்தால் தேடிக் கண்டுபிடி என்றேன். அவன் மாடி மாடியாக ஓடினான்.

ஆகவே சிரமம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நிலையத்துக்கும் அரண்மனைக்கும் இடையே முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டர். இதை 'பக்கம்' என்று சொல்ல எனக்கே வாய் வராது. ஆனால் நெரிசலில் நாலு மணி நேரம் ஹார்ன் அடிப்பதைவிட இது மேல். காஜாங்கில் இருப்பவர் பத்து கேவ்ஸ்–புலாவ் செபாங் கொமுட்டரில் ஏறினால் மாறவே வேண்டாம். கிள்ளான், ஷா ஆலம், ரவாங் பக்கம் இருப்பவர் கேஎல் சென்ட்ரலில் மாற வேண்டும். சில வண்டி சிரம்பானோடு நின்றுவிடும், ஏறும் முன் பலகையைப் பாருங்கள். அவசரக்காரர்களுக்கு இ.டி.எஸ். விரைவு ரயில் இருக்கிறது. நீலாய் தாண்டியதும் பிள்ளையின் கையிலிருந்து கைபேசியை வாங்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். சிரம்பானுக்கும் ரெம்பாவுக்கும் நடுவே செம்பனையும், எங்கேயாவது மிச்சமிருக்கிற பால்மரமும் வரும். மரம் என்றால் என்ன, கோட்டு என்றால் என்ன, நிரை என்றால் என்ன என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நிலையம் மலாக்காவில் இருக்கிறது, எட்டி நடந்தால் தம்பின் டவுன், அது நெகிரி செம்பிலான். ஒரே மூச்சில் இரண்டு மாநிலத்தில் கால் வைக்கலாம் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

தம்பின் பஸ் நிலையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்குப் பஸ் உண்டு. நான் பட்டது போதும் என்பதால் நாலைந்து குடும்பம் சேர்ந்து முன்கூட்டியே ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள் என்பேன். ஊரில் வேன் வைத்திருப்பவர்களில் பாதி பேர் உங்களோடு படித்தவர்கள். அலோர் காஜா வழியாகப் போகச் சொல்லுங்கள். பழைய தோட்டங்களின் பெயர் பலகைகளைக் கடந்து போவீர்கள். உங்களுக்குத் தெரிந்த கோயில், தெரிந்த பள்ளிக்கூடம், தெரிந்த சாராயக் கடை இருந்த இடம், எதையும் விடாமல் சொல்லுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான்.

உங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடல்களுக்கு எனக்கும் அழைப்பு வரும். கோலாலம்பூரில் ஏதோ ஓட்டல் மண்டபம், தலைக்கு நூறு வெள்ளி, சினிமாப் பாட்டு, எனக்கு ஒரு பொன்னாடை. போன வருஷம் வந்த பொன்னாடையை இன்னும் பிரிக்கவில்லை. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அந்த ஒன்றுகூடலை ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மறுநாளோ, பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமையோ, பிள்ளைகளோடு காலை வண்டியைப் பிடித்து இங்கே வந்து இறங்குங்கள். நேராக டவுனுக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டுக்குப் போங்கள். அங்கே இருக்கும் அம்மாவை, அத்தையை, பெரியம்மாவை, நடக்க முடிகிற தாத்தாவைக் கூட்டிக்கொள்ளுங்கள். 'நமக்கு அங்க என்ன வேல' என்பார்கள். கேட்காதீர்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

எத்தனையோ பயணத்தில் அவர்களை விட்டுவிட்டுத்தான் நீங்கள் போனீர்கள். கேமரன் மலைக்கும் லங்காவிக்கும் காசிக்கும் போனபோது அவர்களுக்கு முடியாது என்றீர்கள். இது முடியும். வேனிலிருந்து இறங்கினால் சமதரை, கொஞ்ச தூரம் நடை, பிறகு படிக்கட்டு. ஏற முடியாதவர்கள் கீழே தோட்டத்தில் உட்காரட்டும். அதுவும் அரண்மனைத் தோட்டம்தானே.

உள்ளே போனபிறகு வழிகாட்டியைத் தேடாதீர்கள். மன்சூர் ஷாவின் தகப்பன் யார், தகப்பனைப் பெற்றவள் யார், அவளைப் பெற்றவன் எங்கிருந்து வந்தான் என்று பிள்ளைக்கு நீங்கள் சொல்லுங்கள். மூன்றே பெயர்தான், இந்த மடலைக் கத்தரித்து வைத்துக்கொண்டால் போதும். அதன்பிறகு பக்கத்தில் நிற்கிற பாட்டியிடம், 'நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க, உங்க அப்பா எந்தத் தோட்டத்துல இறங்கினாரு' என்று பிள்ளையைக் கேட்க வையுங்கள். எங்கள் தலைமுறை இன்னும் எத்தனை தீபாவளிக்கு இருக்கும் என்று தெரியாது. அந்தப் பாட்டியிடம் இருக்கிற செய்தி எந்த மியூசியத்திலும் இல்லை. அவர் போய்விட்டால் நகல் எடுக்கக்கூட நூல் கிடையாது.

எங்கள் தெருப் பாட்டிக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய மகன் பூச்சோங்கில் இருக்கிறார், அவரும் இதைப் படிப்பார். தம்பி, வருகிற தேதியை அம்மாவுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடு. அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, குனிய நேரம் பிடிக்கும். பின்னால் ஆள் நிற்கிறார்களே என்று அவசரப்படுத்தாதே.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
புலாவ் செபாங்